லூசியானா சதுப்பில் அரைநாள் தூண்டில்: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூ ஆர்லியன்ஸிலிருந்து தென்கிழக்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனால் சாலை தீர்ந்துவிடும். ஹோப்டேல், ஷெல் பீச், டெலக்ரோ என்று செயின்ட் பெர்னார்டு பாரிஷில் (லூசியானாவில் மாவட்டத்துக்கு அந்தப் பெயர்) இருக்கும் அந்தக் கடைசி ஊர்களில் வீடுகள் உயரமான தூண்களின்மேல் நிற்கும். எதிரே வாய்க்காலில் இறால் படகுகள் கட்டிக் கிடக்கும். ஸ்பெயின் ஆட்சிக்காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கேனரி தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊர்களுக்கு அப்பால் மெக்சிகோ வளைகுடா வரைக்கும் புல், சேறு, உப்புநீர்தான்.

ஹூஸ்டன், டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார இறுதிக்கு நியூ ஆர்லியன்ஸ் வந்தால் முதலை பார்க்கும் படகுச் சவாரியோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுது படகோடு கேப்டன் ஒருவரை அமர்த்திக்கொண்டு தூண்டில் போடப் போகலாம் என்பது என் கட்சி. தூண்டிலே தொட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. ஆனால் அரைநாள் என்றால் நான்கு, ஐந்து மணி நேரம்தான். அதிலும் போகவர அரை மணி, இடம் மாற்றக் கொஞ்சம் என்று கழிந்துவிடும். எல்லாவற்றையும் படகில் ஏறிய பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தால், கை பழகும் நேரத்தில் கேப்டன் கரைக்குத் திருப்பிவிடுவார். ஆகவே வேலையில் பாதியை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

எந்த மீனுக்காகப் போகிறீர்கள்

இந்தச் சதுப்பில் பிடிக்க வருவது முக்கியமாக இரண்டு மீன்கள். ரெட்ஃபிஷ், செம்புநிறமாக, வால் அடியில் கறுப்புப் பொட்டோடு இருக்கும். ஸ்பெக்கிள்டு டிரவுட், வெள்ளி உடம்பில் கரும்புள்ளி தெளித்தது. பெயரில் டிரவுட் என்று இருந்தாலும் மலையோடை டிரவுட்டுக்கும் இதற்கும் உறவில்லை. இரண்டுமே நம்மூர்க் கத்தாழை மீனின் குடும்பம். இவற்றோடு பிளாக் டிரம், ஷீப்ஸ்ஹெட், ஃபிளவுண்டர் எல்லாம் இடையிடையே மாட்டும்.

முதல்முறை போகிறவர்கள் ரெட்ஃபிஷ் கேட்பதே நல்லது. ஆழமில்லாத இடத்தில் புல்லோரமாகவே இரை தேடும். போட்டதைப் பெரும்பாலும் யோசிக்காமல் விழுங்கும். மாட்டினால் கையை உலுக்கும். டிரவுட் கூட்டமாகத் திரியும், கூட்டம் கிடைத்தால் கொண்டாட்டம், கிடைக்காவிட்டால் அதைத் தேடியே காலை போய்விடும். அதன் வாய்ச்சதையும் மெல்லியது, கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும்.

ரெட்ஃபிஷுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம், மசாலா தடவிப் பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கிய ரெட்ஃபிஷை நாடெங்கும் பிரபலமாக்கினார். அதன்பின் வளைகுடாவில் முட்டையிடக் கூடும் பெரிய மீன்களைப் படகுகள் வலைபோட்டு அள்ளத் தொடங்க, கடைசியில் மத்திய அரசு தன் கடற்பகுதியில் அதைப் பிடிக்கத் தடை போட்டது. லூசியானாவும் 1988இல் வணிகத்துக்காகப் பிடிப்பதை நிறுத்தியது. இன்றைக்கு உணவகத் தட்டில் வருவது பெரும்பாலும் பண்ணை மீன். லூசியானாச் சதுப்பில் வளர்ந்த ரெட்ஃபிஷைச் சாப்பிட வேண்டுமானால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் யாராவது கொடுக்க வேண்டும்.

மாதமும் காற்றும்

மார்ச் முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை: இவைதான் புதியவர்களுக்குச் சுகமான காலம். கோடையிலும் மீன் உண்டு, ஆனால் விடியும்போதே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகலில் இடிமழை வழக்கம். குளிர்காலத்தில் மீன்கள் ஆழமான கால்வாய்களில் ஒடுங்கிக் கிடக்கும், இடம் தெரிந்த கேப்டனுக்கு அது நல்ல காலம், ஆனால் ஓடும் படகில் அடிக்கும் குளிர்காற்றைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதையும் மனதில் வைத்து, ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற அறையாகப் பாருங்கள்.

நம் கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இங்கே பெரும்பாலான நாட்களில் ஒன்றுதான் ஏறும், ஒன்றுதான் வற்றும். வித்தியாசமும் ஓரடி, ஒன்றரை அடி. அதனால் இங்கே காற்றுக்குத்தான் அதிகாரம். வாடைக்காற்று பலமாக அடித்தால் சதுப்புநீரை வளைகுடாவுக்குத் தள்ளிவிடும். குளிரலை வந்த மறுநாள் சில குட்டைகள் வெறும் சேறாகக் கிடக்கும், படகு உள்ளே போகாது. ஆனால் அப்போது மீன்களும் குட்டையை விட்டு வாய்க்காலுக்குள் வந்து ஒதுங்கும். தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடித்தால் நேர்மாறு: நீர் ஏறிப் புல்லுக்குள்ளேயே புகுந்துவிடும், மீனும் கூடவே போய்விடும். நீர் கலங்கினால் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் வித்தை நடக்காது.

இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை, அதற்குத்தான் கேப்டன். ஆனால் முந்தைய நாள் இரவு அவர் அழைத்து, "ஆறு மணி வேண்டாம், ஒன்பது மணிக்கு வாருங்கள்" என்றோ, "நாளை வேண்டாம்" என்றோ சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். காற்றைப் பார்த்து நேரத்தை மாற்றுகிற கேப்டன்தான் நல்ல கேப்டன்.

கேப்டனை அமர்த்தும்போது

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுபவருக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமமும் மாநிலத்தின் வழிகாட்டி உரிமமும் வேண்டும். இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை இல்லை. வழக்கமான உரிமத்தில் ஆறு பயணிகள் வரை ஏற்றலாம். ஆனால் சதுப்புக்குள் போகிற 22, 24 அடிப் படகில் மூன்று பேர் நின்று தூண்டில் வீசலாம், நான்காமவர் வந்தால் நெருக்கடி. இரண்டு குடும்பம் சேர்ந்து வருகிறீர்கள் என்றால் இரண்டு படகாகப் பேசுங்கள்.

கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு. அரைநாளுக்குப் பல நூறு டாலர் ஆகும். தூண்டில், இரை, எரிபொருள், பிடித்த மீனைச் சுத்தம் செய்து தருவது எல்லாம் அதில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவில் கொடுக்கும் டிப்ஸ் சேராது. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது என்பது வழக்கம், ரொக்கமாகக் கொடுத்தால் மகிழ்வார்கள்.

கூச்சத்தால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: கழிப்பறை. இந்தப் படகுகளில் பெரும்பாலும் கிடையாது. பெண்கள், குழந்தைகள், பெரியவர்கள் வருவதாக இருந்தால் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். நடுவில் கரைக்கு ஒருமுறை வந்துபோகச் சம்மதிப்பவர்களும் உண்டு.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. "எங்களுக்குத் தூண்டில் வீசத் தெரியாது" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரியும் என்று சொல்லிவிட்டால் அவர் தக்கையும் உயிர் இறாலும் எடுத்துவராமல் வேறு தளவாடத்தோடு வந்து நிற்பார். சாப்பிட மீன் வேண்டுமா, பெரிய மீனைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு நீரிலேயே விட்டால் போதுமா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடம் வேறு.

சொந்தமாகப் படகு வாடகைக்கு எடுத்துப் போகலாமே என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். லூசியானாவில் நிலமாக இருந்து நீராகிப்போன சதுப்புக்கு இன்னும் தனியார் உரிமை கொண்டாடுகிறார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் இடமாக இருந்தாலும் அத்துமீறல் வழக்கு வரலாம். வரைபடத்தையும் நம்ப முடியாது. 1932 முதல் 2016 வரை இந்த மாநிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் கரையோர நிலத்தைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறது. பழைய வரைபடத்தில் தீவு என்று இருக்கும் இடத்தில் படகு ஓடும், நீர் என்று இருக்கும் இடத்தில் சிப்பித்திட்டு படகின் அடியைக் கிழிக்கும்.

உரிமமும் அளவும்

கேப்டன் உரிமம் வைத்திருந்தாலும் தூண்டில் பிடிக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் தனி உரிமம் வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குத் தேவையில்லை. டெக்சஸ் உரிமம் பொதுவாக இங்கே செல்லாது. லூசியானா வனவிலங்கு மீன்வளத் துறையின் இணையதளத்தில் சில நிமிடத்தில் வாங்கிவிடலாம். எந்த வகை, எத்தனை நாளுக்கு என்று கேப்டனையே கேளுங்கள். படகுத்துறையில் கைப்பேசி சிக்னலை நம்பி இருக்காமல் முந்தைய இரவே வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட்ஃபிஷ் ஆளுக்கு நான்கு, நீளம் 18 முதல் 27 அங்குலத்துக்குள். 2024 ஜூனிலிருந்து 27 அங்குலத்துக்கு மேல் ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது. சதுப்பில் மூன்று நான்கு வருடம் வளர்ந்துவிட்டு வளைகுடாவுக்குப் போய் முட்டையிடும் மீன் அது. முப்பது, நாற்பது வயது வரைகூட வாழும். டிரவுட் ஆளுக்குப் பதினைந்து, 13 முதல் 20 அங்குலம், அதற்கு மேற்பட்டது இரண்டு மட்டும். இது 2023 நவம்பரில் வந்த விதி. கேப்டன் தன் பங்குக்கு எடுத்து உங்களிடம் கொடுக்க முடியாது, கேட்கவும் கூடாது. இந்த விதிகள் அவ்வப்போது மாறுகிறவை, போகிற வாரம் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது மீனின் வாயை மூடி, வால் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து அளப்பார்கள். கால் அங்குலம் குறைந்தாலும் நீருக்குள்தான். அதிகாரிகள் படகை நிறுத்திப் பார்ப்பது உண்டு.

எடுத்துப்போக

முழுக்கை மெல்லிய சட்டை, தொப்பி, தண்ணீர், மழைச்சட்டை. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி கட்டாயம்: நீரின் மேல் அடிக்கும் பளபளப்பை அது வெட்டிவிடும், உள்ளே மீன் நிழலாகத் தெரியும். பறந்துவரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். கொசு மருந்தும் வேண்டும், காற்று இல்லாத காலையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பிய்த்துவிடும். வெயில் களிம்பும் கொசு மருந்தும் தடவிய கையோடு இரையைத் தொடாதீர்கள்; கையை முதலில் கழுவுங்கள். காலுக்குக் கறைபடுத்தாத அடியுள்ள ஷூ. உள்ளூர்க்காரர்கள் முழங்கால்வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்கள். அது இறால் பிடிப்பவர்களின் சீருடை மாதிரி, உங்களுக்குத் தேவையில்லை.

வாழைப்பழம் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்பது அமெரிக்க மீன்பிடிப் படகுகளில் ஊறிய நம்பிக்கை. சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் பழத்தைக் கரையிலேயே வைத்துவிடவும் சொல்வார்கள். காலை நேரத்தில் இட்லிப்பொடி தடவிய இட்லிக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. பெரிய ஐஸ் பெட்டியைக் காரிலேயே வையுங்கள், படகில் ஏற்றாதீர்கள்.

வீட்டிலேயே பழக வேண்டியது

உங்கள் கையில் தரப்போவது ஏழடிக் கோல், அதில் மாட்டிய ஸ்பின்னிங் ரீல் என்ற சுற்றுருளை, பின்னல் நரம்பு, அதாவது பின்னிய தூண்டில் கயிறு. நண்பர் யாரிடமாவது அப்படி ஒன்றை வாங்கி, முள் இல்லாமல் நுனியில் சின்ன ஈயக்குண்டு மட்டும் கட்டிப் பூங்காவில் அரைமணி வீசிப் பழகுங்கள். ரீலுக்கு மேலே நரம்பை ஆட்காட்டி விரலால் பிடித்துக்கொண்டு ரீலின் கம்பி வளையத்தைத் திறக்க வேண்டும். கோலைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய் முன்னே வீச வேண்டும், கோல் முன்னுக்கு வரும்போது விரலை விட வேண்டும். குண்டு மேலே மேலே போனால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள்; காலடியில் விழுந்தால் தாமதம். விழுந்ததும் வளையத்தைக் கையாலேயே மூடித் தொங்கும் நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுழற்றி மூடுகிற பழக்கத்தில் நரம்பு முறுக்கேறிச் சிக்கும். தூரம் முக்கியமே இல்லை. இருபது, இருபத்தைந்து அடிக்கு நினைத்த இடத்தில் விழுந்தால் இந்தச் சதுப்பில் மீன் பிடித்துவிடலாம்.

பக்கவாட்டில் வீசுவதை வீட்டிலேயே மறந்துவிடுங்கள். படகில் உங்கள் பக்கத்தில் ஒரு முகம் இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

இன்னொன்று கடிகாரத் திசை. படகின் முனை பன்னிரண்டு மணி, பின்பக்கம் ஆறு. கேப்டன் மீனைப் பார்த்துவிட்டு "இரண்டு மணி, இருபது அடி" என்று சொல்வார். நீங்கள் கைக்கடிகாரத்தை நினைத்து யோசித்து முடிப்பதற்குள் மீன் போய்விடும். பிள்ளைகளோடு வீட்டு வாசலில் நின்று விளையாட்டாகச் சொல்லிப் பழகினால் அவர்கள் உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

படகில்

ஏறியதும் உயிர்க்காப்பு அங்கி எங்கே என்று பாருங்கள். இத்தகைய படகு ஓடும்போது 16 வயது வரை உள்ளவர்கள் அதைப் போட்டே இருக்க வேண்டும். நீச்சல் தெரியாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஏளனம் செய்யமாட்டார்கள்.

கேப்டன் புல்லோரமாகப் படகை நிறுத்துவார். சத்தம் குறையுங்கள், பெட்டி மூடியைப் படீரென்று மூடுவது பேச்சைவிட மோசம், அந்த அதிர்வு நீருக்குள் அப்படியே போகும். புதியவர்களுக்கு அவர் கட்டித் தருவது பெரும்பாலும் "பாப்பிங் கார்க்": வாய் குழிந்த தக்கை, கீழே ஒன்றரை இரண்டடி நரம்பு, முள்ளில் உயிர் இறால். புல்லுக்கு இரண்டடி தள்ளி விழும்படி வீசுங்கள். புல்லில் மாட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள், கேப்டனிடம் சொல்லுங்கள்.

விழுந்ததும் நீர் வளையம் அடங்கும் வரை காத்திருங்கள். தளர்ந்த நரம்பைச் சுற்றி நேராக்கிவிட்டுக் கோல் நுனியை ஒரு சுண்டு சுண்டினால் தக்கை "பளக்" என்று சத்தமிடும். மீன் ஏதோ இறாலை அடிக்கிறது என்று நினைத்து மற்ற மீன் பார்க்க வரும். ஐந்தாறு நொடி சும்மா இருங்கள். மறுபடி தளர்வைச் சுற்றி, மறுபடி சுண்டல். புதியவர்கள் செய்யும் தப்பு சுண்டிக்கொண்டே இருப்பது. மீன் கடிப்பது சும்மா இருக்கும் அந்த நொடிகளில்தான்.

தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். முதலில் சுற்றுங்கள், கனம் தெரிந்ததும் கோலைத் தூக்குங்கள். ரெட்ஃபிஷ் என்றால் உடனே ஓடும், ரீல் கிறீச்சிட்டு நரம்பை விடும். விடட்டும். நரம்பு வெளியே போகும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒரு அங்குலம்கூட உள்ளே வராது, நரம்பு முறுக்கிக்கொள்வதுதான் மிச்சம். மீன் நிற்கும்போது கோலை உயர்த்தி, தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். படகின் அடியில் பாய்ந்தால் கோல் நுனியை நீருக்குள் விட்டுப் படகைச் சுற்றி நடந்துவாருங்கள். மற்றவர்கள் வழிவிட வேண்டும். படகருகே வந்தபின் மீன் இன்னும் ஒருமுறையாவது ஓடும். அந்த ஓட்டத்துக்குத் தயாராக இல்லாதவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

விடப்போகிற மீன் என்றால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்துப் படம் எடுங்கள். வாயில் தூக்கித் தொங்கவிட்டால் பெரிய மீனுக்கு உள்ளே அடிபடும்.

இரையை அடிக்கடி திருடுவது கடல் கெளிறு. முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று விஷமுள். திருக்கையும் வரும். இரண்டையும் நீங்கள் தொடவே வேண்டாம், கேப்டன் கழற்றுவார். சிப்பியோ முள்ளோ கீறினால் உடனே சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா உண்டு. அரிதுதான், ஆனால் கல்லீரல் நோய், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து. நம்மில் சர்க்கரைக்காரர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: ஆறாத புண்ணோடு சதுப்புநீரில் கை வைக்காதீர்கள். அன்றோ மறுநாளோ கீறிய இடம் சிவந்து வீங்கி வலித்தால் அவசர சிகிச்சைக்குப் போய், கடல்நீர் பட்ட காயம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கரைக்கு வந்தபின்

கரை சேரும்வரை மீனின் தலையும் வாலும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். படகுத்துறையில் கேப்டன் சுத்தம் செய்வார், கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு சதைப்பக்கத்தை எடுத்துவிட்டுத் தலையோடு நடுமுள்ளை நீருக்குள் எறிந்துவிடுவார். அங்கே அதுதான் வழக்கம். குழம்புக்குத் தலையும் முள்ளும் வேண்டும் என்று அவர் கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். செவுளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக் கத்தியால் அதை எடுப்பது சிரமம்.

ரெட்ஃபிஷில் பாதியையாவது செதிலும் தோலும் எடுக்காமல் "ஹாஃப் ஷெல்" ஆக வாங்குங்கள். மசாலா தடவிச் செதில் பக்கம் கீழே இருக்கும்படி கரியடுப்பில் வைத்தால் திருப்பிப்போடவே வேண்டாம். செதிலே தட்டாக நிற்கும், வெந்தபின் சதை கரண்டியில் வரும். டிரவுட் மென்மையானது, வறுவலுக்கு. குழம்பில் போட்டால் உடைந்துவிடும்.

டிரவுட் சதையில் சில சமயம் வெள்ளையாக, நூல்போல ஒரு புழு இருக்கும். பெரிய பிளாக் டிரமிலும் உண்டு. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, கத்திமுனையால் இழுத்தால் வந்துவிடும். வெந்துவிட்டால் இருந்தது தெரியாது. சமைப்பவர் மீன் வெட்டும்போது பார்த்து அலறாமல் இருக்க, அவரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.